ஒரு மையமும் முந்நூறு கிளைகளும்: அரசு வலையமைப்பில் காட்சிப் பரப்பு

(உரையின் எழுத்து வடிவம்)

1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை நாட்டின் ஆறு மாநிலங்களில், ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில், செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை நடைபெற்றது. ஏ.டி.எஸ்.-6 என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள் வழியே வந்த நிகழ்ச்சிகளை ஒடிசா, பீகார், ராஜஸ்தான் முதலிய மாநிலங்களின் கிராமத்தினர் நேரடியாகக் கண்டனர். அச்சோதனையின் பொருளாதாரம் எளியது. வானிலிருந்து இறங்கும் அலை ஒன்றே. அதனை நூறு ஊர்கள் பெற்றாலும் பத்தாயிரம் ஊர்கள் பெற்றாலும் அனுப்பும் செலவு கூடுவதில்லை. 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்தப்பட்ட எடுசாட் செயற்கைக்கோளும் இந்த இயல்பையே கல்விக்குப் பயன்படுத்தியது.

அரசு அலுவலகங்களின் பயிற்சி வகுப்புகளும் ஆய்வுக் கூட்டங்களும் பிற்காலத்தில் தரைவழி வடங்களுக்கு வந்து சேர்ந்தன. தலைநகரில் ஒரு மையம். அங்கிருந்து ஒவ்வொரு வட்டார அலுவலகத்திற்கும் மறையாக்கம் செய்யப்பட்ட ஒரு சுரங்கவழி. வி.பி.என். எனப்படும் இவ்வமைப்பை வண்டிச் சக்கரத்திற்கு ஒப்பிடுவதுண்டு. ஒப்புமை பொருத்தமானதே. ஆயின் இச்சக்கரத்தில் குடமும் ஆரக்கால்களும் உண்டு, வட்டை இல்லை. ஒரு கிளை அடுத்த கிளைக்கு அனுப்ப விரும்புவதும் குடத்தின் வழியாகவே சென்று திரும்ப வேண்டும்.

ஒரே காட்சியைப் பலருக்கு அனுப்பும்போது ஆளுக்கொரு படி அனுப்பாமல், பாதை பிரியும் இடத்தில் மட்டும் படியெடுக்கும் முறை 'மல்ட்டிகாஸ்ட்' எனப்படும். ஸ்டீவ் டீரிங் என்னும் அறிஞர் வகுத்த இம்முறையின் விதிகள் 1989இல் இணையத்தின் நியமமாக வெளியிடப்பட்டன. மல்ட்டிகாஸ்ட் வசதி கொண்ட கருவிகளை வாங்கிவிட்டால் வானலையின் சிக்கனம் வடத்திலும் கிட்டிவிடும் என்ற எண்ணம் திட்டமிடுவோரிடம் எளிதில் தோன்றக்கூடியது. இவ்வெண்ணம் பாதியளவே சரி. மீதிப் பாதிக்குத்தான் செலவு அதிகம்.

ஒடிசாவில் 314 வட்டாரங்கள் உள்ளன. கணக்கின் எளிமை கருதி 300 கிளைகள் கொண்ட ஒரு மாநில வலையமைப்பைக் கொள்ளலாம். காட்சி நொடிக்கு 2 மெகாபிட். கிளை இணைப்பு ஒவ்வொன்றும் 4 மெகாபிட். மைய இணைப்பு 100 மெகாபிட். கிளையைப் பார்த்தால் இடம் தாராளமாக இருக்கிறது. படக்கருவியிலிருந்து மைய ரவுட்டர் வரையிலும் ஒரு படியே போதும். ஆனால் அங்கிருந்து பாதை முந்நூறாகப் பிரிகிறது. ஒவ்வொரு சுரங்கவழியும் இருமுனை கொண்ட தனி வழியாதலால், நடுவிலுள்ள வட நிறுவனத்திற்கு உள்ளே இருப்பது தெரியாது. அதனால் படியெடுக்கவும் இயலாது. ஆகவே முந்நூறு படிகளும் மையத்தின் வாயிலிலேயே உருவாகி, ஒரே இணைப்பின் வழியே வெளியேற வேண்டும். 300ஐ 2ஆல் பெருக்கினால் 600 மெகாபிட்.

அதுவும் முழுக்கணக்கு அன்று. வழக்கமான காட்சிப் பொட்டலம் 1,316 பைட் கொண்டது. ஐ.பி. தலைப்பும், சுரங்கவழியின் உறையும், மறையாக்கத்தின் உறையும் சேர்ந்தால் அது 1,450 பைட்டை நெருங்குகிறது. பத்தில் ஒரு பங்கு கூடுதல். தேவை 660 மெகாபிட் ஆகிறது. நொடிக்கு 190 பொட்டலம் வீதம் முந்நூறு கிளைகளுக்கு 57,000 பொட்டலங்களை, ஒவ்வொன்றையும் அந்தந்தக் கிளையின் சாவியைக் கொண்டு, மைய ரவுட்டர் தனித்தனியே மறையாக்கம் செய்ய வேண்டும். கிளை இணைப்புகளை 4 மெகாபிட்டிலிருந்து 10ஆக உயர்த்துவதற்குப் பணம் ஒதுக்குவதால் இந்நெருக்கடி இம்மியும் குறையாது.

நெருக்கடியின் விளைவு படம் கலைவதோடு நிற்பதில்லை. காட்சிப் பொட்டலங்கள் வழியில் இடமில்லை என்பதற்காக வேகம் குறைப்பவை அல்ல. முதியோர் ஓய்வூதிய மனுவையோ பங்கீட்டு அட்டைத் திருத்தத்தையோ சுமந்து செல்லும் டி.சி.பி. முறையோ, பொட்டலம் தொலைந்ததும் தானே ஒதுங்கி வழிவிடும் பண்புடையது. பண்புள்ளது தோற்கிறது. பயிற்சி வகுப்பு நடக்கும் இரண்டு மணி நேரமும் வட்டார அலுவலகத்தின் வாயிலில் மனுதாரர் காத்திருப்பதற்கு இதுவே காரணமாகலாம். காத்திருப்பவருக்கோ கணினி முன் அமர்ந்திருப்பவருக்கோ அது தெரிய வழியில்லை. ஆதலின் மையத்தின் வெளிவாயிலில் காட்சிக்கு ஓர் உச்சவரம்பு விதித்து, சேவைத் தரவுக்கென ஒரு பங்கை ஒதுக்கி வைப்பது முதல் வேலை. இதற்குப் புதுக்கருவி வேண்டியதில்லை.

கேட்ட கிளைக்கு மட்டும் அனுப்பும் 'ஸ்பார்ஸ்' முறையைக் கைக்கொள்வதும் இன்றியமையாதது. எல்லாக் கிளைகளுக்கும் முதலில் கொட்டிவிட்டு, வேண்டாதவர் மறுத்தபின் நிறுத்தும் 'டென்ஸ்' முறை இத்தகைய வலையமைப்பிற்குச் சற்றும் பொருந்தாது.

படியெடுக்கும் பொறுப்பை மையத்திலிருந்து நகர்த்துவதே அடிப்படைத் தீர்வு. வட நிறுவனம் தன் வலையமைப்பிற்குள் மல்ட்டிகாஸ்ட் சேவை அளிக்குமாயின், மையம் ஒரு படியை அனுப்பினால் போதும்; கிளைகள் அனைத்திற்கும் பொதுவான குழுச் சாவியால் மறையாக்கம் செய்யவும் வழியுண்டு. ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே இதனைக் கேட்டுப் பெற வேண்டும். பொது இணையத்தின் மேல் அமைந்த சுரங்கவழிகளில் இவ்வசதியை எதிர்பார்க்க இயலாது. அத்தகைய இடங்களில் மாவட்டந்தோறும் ஒரு துணை மையம் அமைத்துச் சுமையைப் பகிர்வதே நடைமுறைக்கு உகந்தது. செயற்கைக்கோள் இணைப்பின் மேலேயே கிளைக்கொரு சுரங்கவழி அமைப்பதோ வானலை இலவசமாகத் தந்த சிக்கனத்தைத் தாமே கைவிடுவதாகும். ஒரு படி போதுமான இடத்தில் முந்நூறு படிகள் வானேறும்.

எல்லாக் காட்சியும் நேரலையாக வேண்டுமா என்ற கேள்வி திட்டக் கோப்புகளில் எழுவது அரிது. ஒரு மணி நேரப் பாடம் 2 மெகாபிட் வீதத்தில் 900 மெகாபைட். இரவில் எட்டு மணி நேரம் பரவலாக அனுப்பினால் கிளைக்கு நொடிக்குக் கால் மெகாபிட். முந்நூறு கிளைகளுக்கும் உறைகள் சேர ஏறத்தாழ 83 மெகாபிட். இருக்கின்ற 100 மெகாபிட் இணைப்பே இதற்குப் போதும். மறுநாள் காலை அங்கன்வாடிப் பணியாளர் தம் வட்டாரத்திலேயே அதனைப் பார்க்கலாம், நிறுத்தி மீண்டும் பார்க்கலாம்.

உண்மையாகவே நேரலை தேவைப்படுவது புயல் எச்சரிக்கை போன்ற வேளைகளில்தான். அவ்வேளையில் முகம் தெரிவதைவிடக் குரல் அறுபடாமல் கேட்பதே முக்கியம். 64 கிலோபிட் குரல், உறைகள் சேர ஏறத்தாழ 120 கிலோபிட் ஆகும். முந்நூறு கிளைகளுக்கு 36 மெகாபிட். காட்சியை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் தொடரும் ஏற்பாட்டை மழைக்காலத்திற்கு முன்பே மையத்தில் செய்து, ஒருமுறையேனும் ஒத்திகை பார்த்து வைத்தல் வேண்டும்.