இலை சொல்லும் சேதி
(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் விஞ்ஞானப் பிரிவுப் பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



எங்களில் பலருக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கித் தந்ததில் தேயிலைக் கொழுந்துக்கு மட்டுமல்ல, லயத்துக்குப் பின்னால் அம்மாமார் போட்ட உருளைக்கிழங்குப் பாத்திக்கும் பங்குண்டு. ஒரு வருஷம் இரவிலும் குளிர் இறங்கவில்லை. செடி நன்றாகத் தழைத்தது. தோண்டினால் கோலிக்குண்டு அளவில்தான் கிழங்கு. உரம் போட்ட விதம் பிழை என்று அம்மாமார் தங்களையே நொந்துகொண்டார்கள். அந்த வருஷத்துக்கான விளக்கத்தை வெகு காலம் கழித்தே நாங்கள் படித்தோம்.

உருளைக்கிழங்கு வேரல்ல, மண்ணுக்குள் ஓடும் தண்டின் நுனி பருத்து உண்டாவது. எப்போது பருக்க வேண்டும் என்று அந்த நுனிக்குச் சேதி அனுப்புவது இலை. சேதியைக் கொண்டு செல்லும் எஸ்பி6ஏ என்ற புரதத்தை 2011இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இனங்கண்டார்கள். செடியைப் பூக்கச் சொல்லும் புரதத்துக்கு அது உறவு.

அந்தீஸ் மலையின் கிழங்கு குறுகிய பகலில்தான் விளையும். ஐரோப்பாவின் நீண்ட கோடைப் பகலிலும் அது விளைந்தது எப்படி? சிடிஎஃப்1 என்ற பரம்பரையலகில் ஏற்பட்ட மாற்றத்தால் என்று 2013இல் தெரிந்தது. காரணம் தெரியாமலே விவசாயிகள் அந்தச் செடிகளைத் தெரிந்தெடுத்து வைத்திருந்தார்கள்.

வெப்பம் கூடினால் எஸ்பி6ஏயின் சேதி அடங்கிவிடுகிறது. 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் நன்றாக விளையும் கிழங்கு, கீழே இறங்க இறங்க மெலிவது இதனால்தான். சேதி அடங்காதபடி பரம்பரையலகை மாற்றிய செடிகள் வெப்பத்திலும் கிழங்கு வைத்ததை 2019இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் சேதி அளவுக்கு மீறினால் செடி வளர முன்பே கிழங்கு வைக்கத் தொடங்கி, இலை குறைந்துவிடும். அளவறிந்து மாற்றுவதே கடினம். சாதாரண இனக்கலப்பும் கைகொடுக்கிறது: வெப்பம் தாங்கும் ‘குஃப்ரி சூர்யா’வை இந்தியா அப்படித்தான் உருவாக்கியது.

தங்கைமாரே, மலை சூடாகிக்கொண்டு வருகிறது. நாளைய விதைக்கிழங்கு எப்படி இருக்க வேண்டும், அதன் விலையைப் பாத்தி போடும் அம்மாவால் கொடுக்க முடியுமா என்றெல்லாம் பேசப்படும் மேசையில் தோட்டத்துப் பிள்ளையும் இருக்க வேண்டும். சீத்தாஎலிய விவசாய ஆராய்ச்சி நிலையம் நம் வாசலிலேயே இருக்கிறது. அங்கே ஆய்வாளராக நீங்கள் போக வேண்டும். அதற்கான படிப்புக்குத் துணை நிற்பது, இந்த நூற்றாண்டில் பழைய மாணவிகளாகிய எங்கள் கடமை.