கடைமடைக்குப் போய்ச் சேரும் மருந்து



மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் மட்டும் போதுமா? கல்லணைக்கு வர வேண்டும், ஆறு ஆறாக, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிய வேண்டும். அத்தனையும் ஆகியும் கடைமடை வயல் காய்ந்து கிடந்தால், "அதான் தண்ணி விட்டாச்சே"ன்னு சொல்லி என்ன பயன்? உடம்புக்குள் போகும் மருந்துக்கும் இதே கதைதான். ஊசி போட்டாகிவிட்டது, மாத்திரை விழுங்கியாகிவிட்டது. கிருமி ஒளிந்திருக்கும் இடத்துக்குப் போதுமான மருந்து போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வி.

கிருமியைக் கொல்லும் மருந்தை ஆண்டிபயாடிக் என்கிறோம். நிமோனியா, பிரசவத்துக்குப் பின் வரும் சுரம், பச்சிளங் குழந்தையின் இரத்தத்தில் பரவும் கிருமி ஆகியவற்றை அடக்கி வைத்தவை இந்த மருந்துகளே. இப்போது இவற்றுக்கும் அடங்காத கிருமிகள் பெருகிவிட்டன. எப்படி என்று விவசாயிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் புகையான் என்ன செய்கிறது? செத்தது போக மிஞ்சியது பெருகுகிறது. அடுத்த முறை அந்த மருந்துக்கு அது அசைவதில்லை. கிருமியும் அப்படித்தான்.

கிருமிக்குப் பல தந்திரங்கள் உண்டு. சில கிருமிகள் மருந்தை வெட்டிப் போடும் நொதியைச் சுரக்கின்றன. சில, உள்ளே வந்த மருந்தை ஏற்றம் போட்டு இறைப்பது போல வெளியே கொட்டுகின்றன. வேறு சில கூட்டமாய்ச் சேர்ந்து, குளத்துப் படிக்கட்டுப் பாசி போல ஒரு வழவழப்புப் போர்வைக்குள் பதுங்குகின்றன. கடைசிக் கையிருப்பாக டாக்டர்கள் வைத்திருக்கும் மருந்துகளையே வெட்டும் ஒரு நொதியைப் பற்றி 2010-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்த நொதியைக் கொண்ட கிருமிகள் நம் சென்னையிலும் கிடைத்தன.

இங்கேதான் நானோ மருந்து வருகிறது. நானோ என்றால் மிக மிக நுண்ணிய அளவு. தலைமுடியின் தடிமனில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குள்ள பொடிப் பைகளைச் செய்து, அவற்றுக்குள் மருந்தை அடைத்து அனுப்புகிறார்கள். 1960-களில் இங்கிலாந்தில் அலெக் பாங்ஹாம் என்ற விஞ்ஞானி ஒன்றைக் கவனித்தார். முட்டைக் கருவில் உள்ளது போன்ற ஒருவகைக் கொழுப்பு தண்ணீரில் சேர்ந்தால் தானாகவே சிறுசிறு பைகளாகச் சுருண்டுகொள்கிறது. அந்தப் பைதான் லிப்போசோம். வழியில் நொதி வெட்டாதபடி மருந்தை மூடிக் காக்கும். பாசிப் போர்வைக்குள்ளும் நுழையும்.

இது ஏதோ கேள்விப்படாத சரக்கு என்று நினைக்காதீர்கள். 2021-ல் கொரோனாவை ஒட்டிக் கருப்புப் பூஞ்சை நோய் வந்தபோது, ஆம்போடெரிசின் ஊசிக்குத் தமிழ்நாடே அலைந்ததே, அதில் லிப்போசோம் வகை இந்தப் பையில் அடைத்த மருந்துதான். சிறுநீரகத்தைக் கெடுக்கும் பழைய மருந்து, பைக்குள் போனதும் சாதுவாகிவிட்டது. அது பூஞ்சைக்கு. கிருமிக்கு உதாரணம் அமிகாசின். இரத்தத்தில் அதிகம் ஏற்றினால் காது மந்தமாகும், சிறுநீரகம் கெடும். அதையே லிப்போசோமில் அடைத்து, மூச்சோடு நுரையீரலுக்கு இழுக்கும் முறைக்கு 2018-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. காசநோய்க் கிருமியின் பங்காளி போன்ற ஒரு கிருமி நுரையீரலில் குடியேறி, ஆறு மாத மருந்துக்கும் போகாதவர்களுக்கான சிகிச்சை அது. பழைய மருந்துகளை மட்டும் தொடர்ந்தவர்களில் 100-க்கு 9 பேருக்குச் சளியில் கிருமி நீங்கியது. இதையும் சேர்த்தவர்களில் 29 பேருக்கு நீங்கியது. பாதிப் பேரைக்கூட எட்டவில்லை, பாருங்கள். இருமல், குரல் கம்முதல் போன்ற தொந்தரவுகளும் உண்டு.

நம் தஞ்சாவூரை அடுத்த திருமலைசமுத்திரத்தில், சாஸ்திரா பல்கலைக்கழகத்தில் நானோ ஆய்வுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் உழைக்கிறார்கள். ஆனால் ஆய்வுக்கூடத்தில் கிருமி செத்தது என்பது வேறு, ஆஸ்பத்திரியில் நோயாளி பிழைத்தார் என்பது வேறு. நடுவில் பல ஆண்டு சோதனை உண்டு.

"அதான் விஞ்ஞானி புது மருந்து கண்டுபிடிச்சிடுவாரே"ன்னு சிலர் சொல்கிறார்கள். வண்டிதான் புதிது, அம்மா. உள்ளே ஏற்றும் மூட்டை பெரும்பாலும் அதே பழைய மருந்து. அமிகாசினுக்குச் சுத்தமாகப் பணியாத கிருமியை, அந்த வண்டியில் ஏற்றி அனுப்பியும் அடக்குவது கடினம். நாளைக்கு ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியில் பிறந்து நாலு நாளான குழந்தைக்குச் சுரம் கண்டால், டாக்டர் கையில் எடுக்கும் முதல் ஊசியே கேட்க வேண்டும். இரண்டாவது ஊசிக்குக் காத்திருக்க அந்தச் சிசுவுக்குத் தெம்பு இராது.

ஆகவே வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. சளி, சாதாரண இருமலுக்குப் பெரும்பாலும் காரணம் வைரஸ். அதற்கு ஆண்டிபயாடிக் கேட்காது. நடவு நடும் பெண்களின் கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணும் பெரும்பாலும் ஈரத்தாலும் பூஞ்சையாலும் வருவது. காலைக் கழுவித் துடைத்து உலர விடுங்கள், அதற்கான களிம்பைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். கால் வீங்கி, சிவந்து, சுரமும் வந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போய்விடுங்கள். மாத்திரை கொடுத்தால் டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மிஞ்சிய அட்டையை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்து, அடுத்த வீட்டு அக்காவுக்குக் கொடுக்காதீர்கள். கிராம சுகாதாரச் செவிலியர் வரும்போது அவரிடம் காட்டுங்கள். என்ன செய்வதென்று அவர் சொல்வார்.