திருத்துவதா, விற்பதா?

அலுமாரியின் மேற்றட்டிலோ கட்டிலின் கீழோ இயங்காத மடிக்கணினியொன்று துணியிற் சுற்றப்பட்டுக் கிடப்பதை இன்று பல இல்லங்களிற் காணலாம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் இணையவழியே நடைபெறத் தொடங்கிய காலத்தில் அவசரமாக வாங்கப்பட்டவை சில. வெளிநாட்டிலுள்ள உறவினர் தாம் பாவித்தபின் அனுப்பிவைத்தவை வேறு சில. வந்த நாளில் வீட்டின் செல்லப்பிள்ளையாய் இருந்த அப்பொருள், பழுதடைந்தபின் திருத்தவும்படாமல் விற்கவும்படாமல் ஆண்டுக்கணக்கிற் கிடக்கின்றது. கிடக்குந்தோறும் அதன் விலை இறங்குகின்றது, பற்றரியும் பாழாகின்றது. ‘பிறகு பார்க்கலாம்’ என்பது செலவில்லாத தீர்மானம்போலத் தோன்றினும், உண்மையில் அதுவும் செலவுள்ளதே.

பழுதான பொருளைத் திருத்துவதா விடுவதா என்ற ஐயம் முன்னைத் தலைமுறையினருக்கு அதிகம் எழவில்லை. 1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், தையல் இயந்திரமும் சைக்கிளும் வானொலிப் பெட்டியும் திருத்தித் திருத்தியே பாவிக்கப்பட்டன. 1990களில், மின்சாரமும் பற்றரியும் கிடைக்காத யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் இன்றும் வாழ்கின்றனர். தம் பேரப்பிள்ளைகள் கணினியொன்றை எறிய முற்படுவதைக் கண்டு அவர்கள் முகஞ்சுளிப்பார்களாயின் அது இயல்பே. ஆயினும், பழைய வானொலிக்குப் பொருந்திய நியாயம் மடிக்கணினிக்கு முற்றாகப் பொருந்தாது. வானொலியில் வால்வு எரிந்தால் வால்வை மாற்றலாம். மடிக்கணினியிலோ கழற்றி மாற்றத்தக்க உறுப்புகளும் உண்டு; தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டு, கைதேர்ந்த திருத்துநர் ஒருவரன்றிப் பிறர் தொடமுடியாத உறுப்புகளும் உண்டு. ஆகவே முதலில் எழவேண்டிய கேள்வி விலையைப் பற்றியதன்று. பழுது எங்கே உள்ளது என்பதே அக்கேள்வி.

‘செத்துப்போய்விட்டது’ என்று கைவிடப்படும் கணினிகளுட் சில உண்மையிற் சாகவில்லை. மின்னூட்டும் சார்ஜர் மட்டுமே கெட்டிருக்கலாம். அதே வோல்ற்றளவு உடையதும், அம்பியரளவிற் குறையாததும், முனை பொருந்துவதுமான வேறொரு சார்ஜரை அயலவரிடம் இரவல் வாங்கிப் பொருத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். திரை இருண்டிருக்க, விசிறியின் ஓசை மட்டும் கேட்குமாயின், கணினியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு எச்.டி.எம்.ஐ. வடத்தினால் இணைத்துப் பார்க்கலாம். அங்கே படம் தோன்றினால் மூளை நலமாயிருக்கின்றது, திரையோ அதற்குச் செல்லும் மெல்லிய வடமோதான் கெட்டது என்று கொள்ளலாம். ஆமைபோல் ஊர்ந்து செல்லும் கணினியிற் பெரும்பாலும் குற்றவாளி பழைய சுழலும் வன்தட்டே. அதனை நீக்கி எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகைச் சேமிப்பகத்தைப் பொருத்தினால், பத்தாண்டு முதிர்ந்த கணினியும் எழுத்து வேலைக்கும் பாட வேலைக்கும் மீண்டும் உதவும். பற்றரி உப்பி, விசைப்பலகை மேலெழுந்து நிற்குமாயின் மட்டும் விளையாட்டுக் கூடாது. அதனை மின்னேற்றவோ, அழுத்தவோ, குத்தவோ கூடாது; லிதியம் பற்றரி தீப்பற்றக்கூடியது. அத்தகைய கணினியை அணைத்து, எரியக்கூடிய பொருள்களுக்கு அப்பால் வைத்து, அறிந்தவரிடம் ஒப்படைத்தலே தகும்.

பழுது இன்னதெனத் தெரிந்தபின்னரே பணக்கணக்கு வரும். இங்கேதான் பலர் வழி தவறுகின்றனர். ‘ஒரு இலட்சம் கொடுத்து வாங்கியதை எப்படி எறிவது?’ என்பார் ஒருவர். கொடுத்த பணம் போய்விட்டது. திருத்தினாலும் விற்றாலும் அது திரும்பப் போவதில்லை. ‘விற்றால் பத்தாயிரம்கூடத் தேறாத கணினிக்குப் பதினெட்டாயிரம் செலவிடுவதா?’ என்பார் மற்றொருவர். இதுவும் பிழையான ஒப்பீடே. திருத்தும் கூலியை ஒப்பிடவேண்டியது பழுதான கணினியின் விலையோடன்று. அதே வேலையைச் செய்யத்தக்க வேறொரு கணினியை வாங்கும் விலையோடாகும். அத்தகைய பாவித்த கணினி அறுபதாயிரம் ரூபா எனவும், பழுதானதை விற்றால் வருவது பத்தாயிரம் எனவும் கொள்க. அப்பொழுது மாற்றுவதற்குக் கைப்பணம் ஐம்பதாயிரம் வேண்டும். திருத்துவதற்குப் பதினெட்டாயிரம் போதும். திருத்தியது இன்னும் ஈராண்டு உழைக்குமெனத் திருத்துநர் மனச்சாட்சியோடு சொல்வாராயின், திருத்துவதே இலாபம். தாய்ப்பலகை எரிந்து, கூலி நாற்பதாயிரத்தை எட்டி, உத்தரவாதமும் இல்லையெனின் விற்றுவிடுவதே அறிவு. 2022இல் டொலரொன்றின் பெறுமதி சில மாதங்களுள் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தபோது இந்தக் கணக்கு எவ்வாறு தலைகீழாயிற்று என்பதைத் திருத்தகம் நடத்துவோர் நன்கறிவர்.

மென்பொருளின் வயதையும் இத்துடன் சேர்த்து எண்ணவேண்டும். விண்டோஸ் 10 பணிசெயல் முறைமைக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியது. 2017ஆம் ஆண்டுக்கு முன் விற்பனைக்கு வந்த கணினிகளிற் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. இதனைக் காட்டி, ‘இது இனி உதவாது’ என்று வியாபாரிகள் விலையைக் குறைக்க முயல்வதுண்டு. உதவாது என்பது மிகை. லினக்ஸ் என்னும் இலவச முறைமையை அத்தகைய கணினிகளிற் பெரும்பாலானவற்றில் நிறுவலாம். கடிதம் எழுதவும் பாடம் படிக்கவும் அது போதியது.

பொருளை எறிந்துவிடுதலும் எளிதான வழியன்று. 2022ஆம் ஆண்டில் உலகில் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்ததென்றும், அதில் 22.3 வீதமே முறையாகச் சேகரிக்கப்பட்டு மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளதென்றும் ஐக்கிய நாடுகள் சபை சார்ந்த நிறுவனங்களின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. உதிரிப்பாகங்களுக்காக வாங்குபவரிடம் கொடுப்பது, குப்பைக் குழியில் எரிப்பதைவிட எவ்வளவோ மேல்.

இனி, பலர் மறந்துவிடும் விடயம் ஒன்றுண்டு. கணினி வேறு, அதனுள் இருப்பது வேறு. அடையாள அட்டையின் பிரதி, வங்கிக் கணக்கு விபரம், குடும்பப் படங்கள் ஆகிய யாவும் வன்தட்டிலேயே உள்ளன. கோப்பை அழித்துவிட்டோம் என்று எண்ணி விற்பவர் ஏமாறலாம். பழைய வன்தட்டில் சாதாரணமாக அழித்தல் என்பது புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தைக் கிழிப்பதை ஒக்கும். அத்தியாயங்கள் அப்படியே இருக்கும், தேடத் தெரிந்தவர் எடுத்துக்கொள்வார். ஆகவே விற்குமுன் வன்தட்டைக் கழற்றிக்கொள்ளுதல், அல்லது அதற்குரிய முறையில் முழுவதும் துடைத்துவிடுதல் அவசியம்.

வடமராட்சியில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் வீட்டில் நிகழ்ந்தது இதற்குத் தக்க உதாரணம். மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த வேளையில், 2015இல் வாங்கிய மடிக்கணினி ஒருநாள் புகைநாற்றத்தோடு நின்றுவிட்டது. தாய்ப்பலகை எரிந்துவிட்டது, திருத்துவது வீண் என்று திருத்துநர் நேர்மையாகச் சொன்னார். பழைய பொருள் வாங்குபவர், உள்ளபடியே தந்தால் ஒன்பதாயிரம், வன்தட்டைக் கழற்றினால் ஏழாயிரம் என்றார். புதிய செலவு முன்னே நிற்க, அந்த இரண்டாயிரமும் தந்தைக்குப் பெரிதாகவே தோன்றியது. கொடுத்துவிடலாம் என அவர் எழுந்தபோது, “அம்மம்மாவின்ர குரல் அதுக்குள்ளதான் கிடக்கு, அப்பா” என்றாள் மகள். 2018இல் பாடசாலை ஒப்படை ஒன்றுக்காக அம்மம்மாவைப் பாடச் சொல்லி அவள் பதிவுசெய்த தாலாட்டுகள் அவை. மூன்று ஆண்டுகளின்பின் அம்மம்மா காலமானார். தாலாட்டுகளுக்கு வேறு பிரதி இருக்கவில்லை.

தந்தை மறுபேச்சுப் பேசவில்லை. திருத்துநர் வன்தட்டைக் கழற்றிச் சிறிய உறையொன்றில் இட்டு, தமது கணினியோடு இணைத்துக் காட்டினார். கோப்புகள் பழுதின்றி இருந்தன. ஏழாயிரத்தோடு சேமிப்பிலிருந்தும் பணம் சேர்த்து, பாவித்த கணினியொன்றை அதே திருத்துநரைக் கொண்டே பரிசோதித்து வாங்கினர். தாலாட்டுகளை இரண்டு பிரதிகளாக்கிய மகள், ஒன்றைத் தாயிடம் கொடுத்துவிட்டு, மற்றதோடு பேராதனைக்குப் பயணமானாள்.