தீவுக்கு விளக்கு: காசு யார் போடுவது?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடலே இல்லாத செஞ்சியில் நின்றுகொண்டு இவன் தீவைப் பற்றிப் பேசுறானே என்று நினைக்காதீர்கள். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டபோது நம் கோட்டையும் தீவு மாதிரிதான். நெற்களஞ்சியமும் குளங்களும் இல்லையென்றால் தாக்குப்பிடித்திருக்க முடியுமா?

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு என்று மூன்று தீவுகள். தமிழகக் கரையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். பேசுவதும் நம் தமிழ்தான். இலங்கையின் மின்கம்பி அங்கே போகாததால் டீசல் ஜெனரேட்டரை நம்பியே விளக்கு எரிந்தது. டீசலும் படகில்தான் வரணும். வெயிலுக்கும் காற்றுக்கும் அங்கே பஞ்சமில்லை. ஆனால் முதல் போட யார் இருக்காங்க?

2021 ஜனவரியில், ஆசிய வளர்ச்சி வங்கி உதவியோடு நடக்கவிருந்த இந்த வேலை ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. இந்தியா ஆட்சேபித்தது. அந்த வருஷக் கடைசியில் சீனத் தரப்பு வேலையை நிறுத்தியது. 2022 மார்ச்சில் இந்தியா–இலங்கை புரிந்துணர்வு ஒப்பந்தம். 2024 மார்ச்சில் பெங்களூரு நிறுவனம் ஒன்றோடு வேலைக்கான ஒப்பந்தம். இந்தியா தரும் 1 கோடியே 10 லட்சம் டாலர் கடன் அல்ல, மானியம். திட்டத்தில் சூரிய மின்சாரம் 1,700 கிலோவாட், காற்றாலை 530 கிலோவாட், பேட்டரி 2,400 யூனிட், அவசரத்துக்கு டீசல் 2,500 கிலோவாட்.

இரண்டு நாடுகளின் போட்டியில் மூன்று வருஷம் ஓடிப்போச்சு. அந்த மூன்று வருஷமும் தீவுக்காரருக்கு டீசல்தான். நிதி கொடுப்பவர் யார் என்ற சண்டைக்கும் ஒரு விலை உண்டு.

மானியம் வந்துவிட்டால் கவலை தீர்ந்ததா? தீராது. சோலார் பலகை 25 வருஷம் உழைக்கும். பேட்டரி 10, 15 வருஷத்தில் தளர்ந்துவிடும். உப்புக்காற்று இரும்பைத் தின்னும். மானியம் ஒரு தடவைதான் வரும், பேட்டரிச் செலவு மறுபடி வரும். அந்தப் பணத்துக்கு வழி இருக்கிறது. 1,000 யூனிட் சூரிய மின்சாரம் பயன்பட்டால் ஏறக்குறைய 300 லிட்டர் டீசல் மிச்சம். அந்த மிச்சத்தில் ஒரு பங்கை முதல் மாதத்திலிருந்தே தனிக்கணக்கில் போட்டுவைக்க வேண்டும். பொதுக்கணக்கில் கலந்தால் கரைந்துவிடும்.

நம் நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. வங்காளத்தின் சாகர் தீவில் 1996-இல் கமல்பூரில் சிறு சூரிய மின்நிலையம் வந்தது. அரசு முதல் போட்டது, ஊர்க் கூட்டுறவுச் சங்கம் வீட்டுக்கு வீடு கட்டணம் வசூலித்தது. பின்னாளில் பெரிய மின்கம்பியும் அங்கே போய்ச் சேர்ந்தது. அதுவரை இருட்டில் இருக்காமல் படித்த பிள்ளைகளுக்கு அந்தச் சின்ன நிலையம்தான் துணை.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் திட்ட அறிக்கை எழுதுவீர்கள். எத்தனை கிலோவாட் என்று எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். பத்தாவது வருஷம் பேட்டரிக்குப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும், பழுது பார்க்க அந்தத் தீவிலேயே யார் பயிற்சி பெற்றிருக்கிறார் என்ற இரண்டு வரியையும் சேர்த்து எழுதுங்கள். களஞ்சியத்தை ஒரு தடவை நிரப்பினால் போதாது, ஒவ்வொரு அறுவடைக்கும் நிரப்பணும் என்பது நம்ம ஊர்க்காரருக்குத் தெரியாததா?