திருவாய்க்கேள்வியும் பென்சிலும்



அரியலூரிலிருந்து ஜயங்கொண்டம் வழியாகப் போகிறவர்கள் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் விமானம் கண்ணில் பட்டதும் வண்டியை நிறுத்தி இறங்கிவிடுகிறார்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில் மாளிகைமேடு என்று ஓர் இடம் இருப்பதையும், சோழ அரண்மனையின் செங்கல் அஸ்திவாரங்களைத் தொல்லியல் துறையார் அங்கே தோண்டி வெளிப்படுத்தியிருப்பதையும் அறிந்து, அதுவரை போய்ப் பார்ப்பவர்கள் சிலரே. அந்த மேட்டில் நிற்கும்போதெல்லாம், ராஜேந்திர சோழனுடைய யானைகளும் கப்பல்களும் எனக்கு ஞாபகம் வருவதில்லை. அவனுடைய சபையில் ஓரமாக நின்றிருக்கக்கூடிய சில உத்தியோகஸ்தர்களே ஞாபகம் வருகிறார்கள். சோழர் சாசனங்களில் ‘திருவாய்க்கேள்வி’ என்றொரு பதவிப் பெயர் காணப்படுகிறது. அரசன் வாய்மொழியாக இடும் ஆணையைக் காதால் கேட்டு வாங்கிக்கொள்பவர் அவர். அதை ஓலையில் எழுதுபவர் ‘திருமந்திர ஓலை’. எழுதியது சரிதானா என்று பார்த்து ஒப்பமிடுபவர் ‘திருமந்திர ஓலை நாயகம்’. ஒரு வாய் பேசியதைப் பதிவு செய்ய, கேட்பதற்கு ஒருவர், எழுதுவதற்கு ஒருவர், ஒப்புநோக்குவதற்கு ஒருவர் என்று மூன்று பேரை வைத்திருந்தார்கள் சோழர்கள்.

ஏறத்தாழ ஆயிரம் வருஷங்களுக்குப் பின், அதே வட்டாரத்தில், இந்த மூன்று வேலைகளையும் ஒரே சமயத்தில் ஒரே ஆளாகச் செய்வதற்கு, பஸ்ஸில் ஒரு மணி நேரம் வந்து பயிற்சி பெறும் பிள்ளைகளைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறேன். நியாயஸ்தலத்துச் சுருக்கெழுத்துத் தட்டச்சர் என்பது அவர்கள் அடைய விரும்பும் பதவியின் பெயர். பல வருஷங்கள் அந்தப் பதவியில் பென்சிலைப் பிடித்தவன் என்ற ஒரே தகுதியில்தான் இந்த ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்திருக்கிறேன்.

பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலிருந்து 1995ஆம் வருஷம் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001இல் பிரிந்து, மறு வருஷமே மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் திரும்பவும் பிரிந்தது. ஜில்லா பிரிவது அரசியல்வாதிகளுக்கு மேடை விஷயம். எங்கள் தொழிலில் அது புது நியாயஸ்தலம், புது நாற்காலி, அந்த நாற்காலியில் உட்கார உள்ளூரிலேயே ஓர் ஆள் வேண்டும் என்ற ஆசை.

அந்த ஆசை தட்டச்சுப் பயிலகத்தின் மாடிப்படியில் ஆரம்பமாகிறது. கீழே மருந்துக்கடையோ உரக்கடையோ இருக்கும். மேலே ஓட்டுக் கூரையோ தகரக் கொட்டகையோ, அதனடியில் வரிசையாகப் பழைய யந்திரங்கள். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியைச் சேர்ந்த ரா. முத்தையா என்பவர் தமிழ்த் தட்டச்சு யந்திரத்துக்கு வகுத்த விசைப்பலகையின் வழிவந்த பலகையில், ‘யளனகபக’ என்று நாட்கணக்கில் அடித்து அடித்து, விரல்கள் தாமே வழி கண்டுகொள்ளும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அது கஷ்டந்தான், ஆனால் சைக்கிள் பழகுவது போன்ற கஷ்டம். விடாமல் செய்தால் ஒரு நாள் வந்துவிடும். சுருக்கெழுத்து அப்படியல்ல.

1837ஆம் வருஷம் ஐசக் பிட்மன் என்ற ஆங்கிலப் பள்ளி ஆசிரியர் வெளியிட்ட முறை, எழுத்துக்களை எழுதுவதல்ல, ஒலிகளை எழுதுவது. ஆகையால் பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிழையற எழுதக் கற்றுக்கொண்ட பிள்ளை, இங்கே வந்த முதல் மாதத்தில், எழுத்துக்கூட்டுவதை மறக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மெய்யொலி ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு: நேர்க்கோடு அல்லது வளைகோடு, மெல்லிய அழுத்தம் அல்லது கனத்த அழுத்தம். அழுத்தத்தில் பொருள் இருப்பதால் பந்துமுனைப் பேனா இதற்கு உதவாது, பென்சில்தான் நியாயம். உயிரொலிகளைப் புள்ளியாலும் சிறு கோட்டாலும் தனியே குறிக்கலாம். ஆனால் வேகம் கூடும்போது முதலில் உதிர்ந்துபோகிறவை அவைதாம். ‘ப’வும் ‘ட’வும் சேர்ந்த எலும்புக்கூட்டைப் பார்த்து, அது படியா, பாடியா, பிடியா, பீடியா என்று சொல்ல வேண்டும். கோடு எழுதப்பட்ட ஸ்தானம், அதாவது வரிக்கு மேலா, வரியிலா, வரியை வெட்டியா என்பது ஓரளவு வழி காட்டும். மிச்சத்துக்கு, வாக்கியத்தின் போக்கே துணை.

தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் பரீக்ஷையில் இளநிலைக்கு நிமிஷத்துக்கு 80 சொற்கள், முதுநிலைக்கு 120 சொற்கள். தேர்வாணையத்தின் மூலம் இந்த உத்தியோகத்துக்கு விண்ணப்பிப்பவர், தட்டச்சு, சுருக்கெழுத்து இரண்டிலும், தமிழ், ஆங்கிலம் என்னும் இரு பாஷைகளில் ஒன்றிலாவது முதுநிலையும், மற்றதில் குறைந்தது இளநிலையும் தேறியிருக்க வேண்டும். 80க்கும் 120க்கும் இடையே இருக்கும் அந்தத் தூரத்தில்தான் பெரும்பாலோர் தங்கிவிடுகிறார்கள். கை ஓடவில்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். கை ஓடாததல்ல காரணம். மெதுவான வேகத்தில் ஒரு சொல்லைக் கேட்டு, அதற்குரிய கோடு எது என்று யோசித்து, எழுதி முடித்து, அடுத்த சொல்லுக்குக் காத்திருக்க முடிகிறது. வேகம் நூறை நெருங்கியதும் அந்த யோசனைக்கு இடமில்லாமல் போகிறது. கை ஐந்தாவது சொல்லை எழுதும்போது காது ஒன்பதாவது சொல்லில் இருக்க வேண்டும். நடுவிலுள்ள சொற்களை மனம் இடுப்பில் குடத்தைச் சுமப்பதுபோல் தளும்பாமல் சுமந்துவர வேண்டும். அந்தச் சுமையைத் தாங்கப் பழகுகிற மாதங்களில், நேற்று எழுதிய வேகங்கூட இன்று வராமல் போவது உண்டு. ஆசிரியர் திட்டுவார். வீட்டில், எத்தனை பரீக்ஷைதான் எழுதுவாய் என்பார்கள். பரீக்ஷையோ பிப்ரவரியிலும் ஆகஸ்டிலுமாக வருஷத்துக்கு இரண்டு முறைதான். இரண்டு முறை தவறினால் ஒரு வருஷம் போய்விடுகிறது, பெண்பிள்ளையானால் அந்த ஒரு வருஷத்துக்குள் ஜாதகக்காரர் வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

இன்னொரு சங்கடமும் உண்டு. தட்டச்சைத் தனியாகப் பழகலாம்; சுருக்கெழுத்துக்கு உரக்கப் படிக்க ஓர் ஆள் வேண்டும். செட்டிகுளம் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண், சின்ன வெங்காயம் அரிந்து காயவைக்கும் நாட்களில் பயிலகத்துக்கு வர முடியாமல், ஏழாம் வகுப்புப் படிக்கும் தன் தம்பிக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்துப் பத்திரிகைத் தலையங்கத்தைப் படிக்கச் சொன்னாளாம். அவன் அரைப்புள்ளியில் மூச்சு விடாமலும் முற்றுப்புள்ளியில் நிற்காமலும், தெரியாத சொல் வந்தால் தானே ஒன்றை இட்டு நிரப்பியும் படித்திருக்கிறான். அவனே உத்தமமான ஆசிரியன் என்று அவளிடம் சொன்னேன். ஏனென்றால் சாக்ஷிகளும் அப்படித்தான் பேசுவார்கள்.

இதுதான் இன்று நான் சொல்ல வந்த விஷயம். பயிலகத்தில் கை பழகுவது அச்சிட்ட வசனத்துக்கு: கூட்டுறவு, கிராம முன்னேற்றம், வங்கிக் கடிதம், மந்திரி உரை. சீராக, கடிகாரத்தைப் பார்த்து, ஒரே குரலில் படிக்கப்படும் அந்த வசனத்திலே தேர்ந்து, உத்தியோக உத்தரவுடன் நியாயஸ்தலத்துக்குள் நுழைகிற நாளில்தான், மனிதர்கள் பேசும் பேச்சை அந்தப் பிள்ளை முதன்முதலாக எழுத நேருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1973ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் புதிய சன்ஹிதையிலும், செஷன்ஸ் விசாரணையில் சாக்ஷியத்தை நீதிபதி தாமே எழுதலாம், அல்லது பகிரங்க நீதிமன்றத்தில் தாம் சொல்ல எழுதச் செய்யலாம், அல்லது தம் மேற்பார்வையில் ஓர் ஊழியரை எழுதவைக்கலாம். கேள்வியும் பதிலுமாக அல்லாமல், சாதாரணமாகக் கதைபோல் தொடர்ச்சியாக எழுத வேண்டும். அவசியமான இடத்தில் கேள்வி-பதிலாகவும் எழுதலாம். எழுதி முடித்ததைச் சாக்ஷிக்குப் படித்துக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் இதற்கெனத் தனியாக ஒரு யந்திரம் வைத்து, நிமிஷத்துக்கு 225 சொற்கள், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரியாக, கேள்வியையும் பதிலையும் சொல்லுக்குச் சொல் பதிவு செய்பவரே தேர்ச்சி பெற்ற நியாயஸ்தலத்துச் சுருக்கெழுத்தராகக் கருதப்படுகிறார். நம்முடைய ஆளுக்கு அந்த வேகம் தேவையில்லை. அவருக்கு வேண்டியிருப்பது வேறு.

கூண்டில் நிற்கும் கிழவர், ‘கொல்லைல மாடு பூந்துச்சுங்க, நான் ஓட்டிக்கிட்டு வந்தேன், அவரு வரப்புல நின்னு வாய்க்கு வந்தபடி ஏசினாரு’ என்கிறார். நீதிபதி அதை, ‘சம்பவத்தன்று எனது நிலத்தில் எதிரியின் மாடு புகுந்தது, அதை நான் ஓட்டி வந்தபோது எதிரி என்னைத் தகாத வார்த்தைகளால் திட்டினார்’ என்று சொல்கிறார். இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் காதில் விழுகின்றன. எழுத வேண்டியது இரண்டாவதை. ஆனால் முதலாவதைக் கேட்காமலிருக்கவும் முடியாது, கேட்காமலிருக்கவும் கூடாது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவருக்குக் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். அரியலூர்க்காரருக்கோ புன்செய் வயல். நீதிபதி ‘வீட்டின் பின்புறம்’ என்று சொல்லிக்கொண்டு போனால், உள்ளூர்ப் பிள்ளையாகிய சுருக்கெழுத்தர் என்ன செய்வது? தலை நிமிர்ந்து, தயக்கத்துடன் ஒரு பார்வை பார்க்கலாம். நல்ல நீதிபதியானால் அந்தப் பார்வையின் அர்த்தம் புரியும். எந்தப் பரீக்ஷையிலும் அந்தப் பார்வைக்கு மதிப்பெண் இல்லை.

குறுக்கு விசாரணையில் இன்னொரு விசித்திரம். வக்கீல் அடுக்கடுக்காகக் குற்றம் சாட்டுகிறார். சாக்ஷி ஒவ்வொன்றுக்கும் ‘இல்லீங்க’ என்கிறார். பதிவேட்டில், ‘முன்விரோதம் காரணமாக நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல’ என்று ஏறுகிறது. ஒரு சொல் பேசிய மனிதன் வாயில் ஒரு முழு வாக்கியம் புகுந்துவிடுகிறது. அந்தச் ‘சரியல்ல’ என்பதில் ஓர் ‘அல்ல’ விட்டுப்போனால் சாக்ஷி தன் பொய்யைத் தானே ஒப்புக்கொண்டவனாகிவிடுகிறான்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த நியாயஸ்தலம் என்பது வேண்டாம். அடிதடி வழக்கு. மத்தியான உணவுக்குப் பிறகு, நீதிபதி என் குறிப்பிலிருந்து ஓர் இடத்தைப் படிக்கச் சொன்னார். ‘அவன் கையைப்’ என்பது வரையில் வந்தேன். அடுத்தது அந்தப் பாழாய்ப்போன எலும்புக்கூடு. ‘படிக்கட்டில்’ என்பதா, ‘பிடித்துக்கொண்டு’ என்பதா என்று தெரியவில்லை. பின்பாதியை நான் சுருக்கத்துக்காக விழுங்கியிருந்தேன். எதிரி பிடித்துக்கொண்டவனா, அல்லது படிக்கட்டில் வெறுமனே நின்றவனா என்பதே வழக்கு. ஊகித்துச் சொல்லியிருக்கலாம், பாதி வாய்ப்பு சரியாகத்தான் இருந்திருக்கும். ‘தெரியவில்லை’ என்றேன். சாக்ஷியை மீண்டும் கூண்டில் ஏற்றினார்கள். அன்று மாலை எனக்குக் கிடைத்த வசவை இங்கே திருப்பிச் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தத் தொழிலில் நான் சரியாகச் செய்த காரியங்களில் அதையும் ஒன்றாக எண்ணுகிறேன்.

எழுதியது எவ்வளவு தூரம் ஒரு மனிதனைக் கொண்டுபோகும் என்பதற்கு நம் நாட்டில் பெரிய திருஷ்டாந்தம் ஒன்று உண்டு. 1908இல் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தமிழில் மேடையேறிப் பேசிய பேச்சே அவர்கள் குற்றம். அந்தப் பேச்சைப் போலீஸார் எடுத்துவைத்த குறிப்புகள் வழக்குக்கு ஆதாரமாயின. ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். பேசிய காற்று கலைந்துபோயிற்று; குறிப்பு நின்றது.

இப்போது யந்திரம் வந்துவிட்டதே என்பார்கள். 2023 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டிலேயே வாதங்களைக் கணினி கேட்டு எழுத்தாக்கத் தொடங்கியிருக்கிறது. நல்லதுதான். பெரிய வக்கீல்கள் இங்கிலீஷில் பேசுவதை அது கேட்கட்டும். ஆண்டிமடத்து முந்திரிக்காட்டுக் கிழவி பல்லில்லாத வாயால், அழுதுகொண்டே, பாதி வார்த்தையைத் தலைப்பில் விழுங்கிச் சொல்வதைக் கேட்டு எழுதும் நாள் வரும்போது, நானே மாலையோடு போய் அதை வரவேற்பேன். அதுவரை, சுண்ணாம்புக்கல் லாரி விபத்தும், நெடுஞ்சாலை விபத்தும், வரப்புத் தகராறும் இவ்விரு ஜில்லாக்களிலும் பென்சிலுக்கு வேலை வைத்துக்கொண்டேயிருக்கும்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரியலூரில் ஒரு பயிலகத்தின் ஆசிரியர், பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று என்னை அழைத்தார். ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். உபதேசம் செய்ய மனமில்லாமல், என் ஞாபகத்திலிருந்து ஒரு சாக்ஷியத்தைக் கிராமத்து வாயாலேயே, இருமலும் தயக்கமுமாகச் சொல்லத் தொடங்கினேன். முதலில் சிரித்தார்கள். ‘மல்லாட்டை’ என்ற சொல் வந்த இடத்தில் ஐந்து பென்சில்கள் நின்றுவிட்டன; பெரம்பலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது வெறும் கடலை. ஜயங்கொண்டத்துக்குக் கிழக்கேயிருந்து வரும் ஒரு பெண்ணின் பென்சில் மட்டும் நிற்காமல் ஓடிற்று. முடித்ததும் படிக்கச் சொன்னேன். பாதி வரை படித்தாள். பிறகு குறிப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘சார், இந்த எடம் தெரியல சார்’ என்றாள். ‘இன்னொரு தடவ சொல்லுங்க.’

மற்ற ஐவரும் பென்சிலைச் சீவிக்கொண்டார்கள். நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.