பணக் குருமார்களும் பாமர மக்களும்



நம் நாட்டில் இப்போது ஒரு புதுமாதிரியான குருமார்கள் தோன்றியிருக்கிறார்கள். "ஏழையாய்ப் பிறந்தேன்; பங்குச் சந்தையில் என் சொந்த புத்தியால் கோடீஸ்வரனானேன்; கட்டணம் கட்டினால் அந்த வழியை உங்களுக்கும் காட்டுகிறேன்" என்பதே அவர்களுடைய உபதேசமாகும். அதற்கு அத்தாட்சியாய் ஒரு மோட்டார் காரையும் மாளிகையையும் கைப்பேசித் திரையில் காட்டுகிறார்கள்.

நாம் கேட்பது ஒன்றே. அந்தக் கார் சந்தையில் சம்பாதித்ததா, அல்லது சீடர்கள் கட்டிய கட்டணத்தில் வந்ததா? முற்காலத்தில் செம்பைப் பொன்னாக்குவதாய் வந்த ரசவாதியும் முதலில் நம் வீட்டு நகையைத்தானே கேட்டான்? பொன் செய்யத் தெரிந்தவனுக்கு நம் பொன் எதற்கென்று யோசித்தவனே தப்பினான்.

இது வெறும் யூகமல்ல. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, 2023 அக்டோபரில் இப்படிப்பட்ட ஒரு பேர்வழியின் மீது இடைக்கால உத்தரவு போட்டது. வகுப்புக்கென்று அவர் ஜனங்களிடம் வசூலித்த சுமார் 17 கோடி ரூபாயை முடக்கச் சொல்லிற்று. அவருடைய சொந்த வியாபாரத்தின் யோக்கியதை என்ன தெரியுமா? 2021 ஜனவரி முதல் இரண்டரை வருஷத்தில் ஏறக்குறைய 3 கோடி ரூபாய் நஷ்டம்!

அதே செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 2024 மார்ச்சோடு முடிந்த மூன்று நிதியாண்டுகளில், "பியூச்சர், ஆப்ஷன்" என்கிற பேரத்தில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களில் 100-க்கு 93 பேருக்கு நஷ்டம். போன பணம் மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்.

"மீதி 7 பேர் ஜெயித்தார்களே!" என்பீர்கள். 1,024 பேர் ஆளுக்குப் பத்துத் தரம் காசு சுண்டினால், பத்தும் தலையாய் விழுகிறவன் கணக்குப்படி ஒருவன் இருப்பான். அவனுக்குத் திறமை ஒன்றுமில்லை. ஆனால் மேடையேறி வகுப்பு நடத்துகிறவன் அவன்தான். மற்ற 1,023 பேரும் வெட்கப்பட்டு மூலையில் இருப்பார்கள்.

இதில் மோசம் போகிறவன் யார்? மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த சீட்டுப் பணத்தையும், நகையை அடகு வைத்த பணத்தையும் கொண்டுபோய்க் கொட்டுகிற தொழிலாளியல்லவா? நஷ்டமென்று அவன் அழுதால், "என் முறையை நீ சரியாய்ப் பின்பற்றவில்லை" என்று குரு சொல்லிவிடுகிறார். ஜெயித்தால் குருவின் மகிமை, தோற்றால் சீடனின் குற்றம் என்றால், அந்த வித்தை பொய்யென்று எந்தக் காலத்தில் ருசுவாகும்?

ஆகவே தோழர்களே! இனி எவனாவது பணம் பண்ணும் வழி சொல்ல வந்தால், அவனுடைய காரைப் பார்க்காதீர்கள், கணக்கைக் கேளுங்கள். வியாபார லாபம் எவ்வளவு, வகுப்புக் கட்டணம் எவ்வளவு என்று வருமானவரிக் கணக்கோடு காட்டட்டும். காட்ட மறுக்கிறவனுக்கு உங்கள் மடியை அவிழ்க்காதீர்கள். நாம் சொன்ன கணக்கையும் அப்படியே நம்பிவிடாமல், சரிபார்த்தே ஏற்றுக்கொள்ளுங்கள்.