மாடிப்படிக்குக் கீழே மூன்று பெட்டிகள்

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாதவர்களும் படிப்பதற்காக இங்கே தரப்படுகிறது.)



எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம். முப்பத்தேழு வருடம் வங்கிக் கவுன்டருக்குள் உட்கார்ந்தவன் நான். வரிசையில் நிற்பவரைக் காக்க வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். எனவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு நம் வளாகத்தில் பழைய புத்தகங்கள் சேகரித்தது உங்களுக்கு நினைவிருக்கும். நான்கு பிளாக்கிலும் லிஃப்ட் பக்கத்தில் அட்டைப்பெட்டி வைத்தோம். ஒரே வாரத்தில் நிரம்பி வழிந்தது. குட்டியானை வண்டி பிடித்து, மறுகுடியமர்வுக் குடியிருப்பு ஒன்றில் இளைஞர்களுக்காக நடக்கும் ஒரு சிறு நூலகத்துக்கு அனுப்பினோம். வண்டிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். நிறையக் கைதட்டல் பொம்மைகள் வந்தன. அந்தப் போட்டோவில் முன்வரிசையில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பவன் நான்தான்.

மூன்று மாதம் கழித்து அந்த நூலகத்துக்குப் போனேன். வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் சொல்லித்தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். இரண்டே அறை. ஓர் அறையில் அலமாரிகள், இன்னொன்றில் பாய் விரித்துப் படிக்கிற பிள்ளைகள். உள்ளே நுழையும்போதே கண்ணில் பட்டது, மாடிப்படிக்குக் கீழே நம் பெட்டிகளில் மூன்று. நம் சங்கத்தின் பெயரை நானே ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டிய அதே பெட்டிகள்.

நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். அவரும் தேர்வுக்குப் படிப்பவர்தான். "இன்னும் பிரிக்கவே இல்லையாம்மா?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். "பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் சார் மறுபடி மூடி வெச்சோம்" என்றார்.

நான் திறந்து பார்த்தேன். 1998-ம் ஆண்டு டைரி. ஒரு நகைக்கடை விளம்பரப் புத்தகம். ஃபிளாப்பி டிஸ்க் பற்றிப் பாடம் நடத்தும் கணினி நூல். விடைகளெல்லாம் பேனாவால் நிரப்பப்பட்ட பயிற்சிப் புத்தகங்கள். முதல் பாகம் இல்லாத இரண்டாம் பாகங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து காய்ந்து, பக்கத்தோடு பக்கம் ஒட்டி அப்பளம்போல் நொறுங்குபவை. சிலவற்றை ராமபாணப் பூச்சி துளைத்திருந்தது. அது அலமாரியில் இருக்கும் நல்ல புத்தகத்துக்கும் பரவுமே என்று அந்தப் பெண் பயந்ததில் தவறில்லை.

வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் வைப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். நாம் அனுப்பிய பெட்டிகள் மாடிப்படிக்குக் கீழே சஸ்பென்ஸ் கணக்கில் கிடந்தன. வைத்துக்கொள்ளவும் வழியில்லை, எடைக்குப் போட்டால் கொடுத்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற சங்கடம்.

அதைவிடப் பெரிய அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது.

பிள்ளைகளிடம் பயிற்சிக்காகச் சில கேள்விகள் கேட்டேன். "ஒரு செக் எழுதிய தேதியிலிருந்து எத்தனை மாதத்துக்குச் செல்லும்?" ஒரு தம்பி சட்டென்று எழுந்து, "ஆறு மாசம் சார்" என்றார். இல்லை, மூன்று மாதம் என்றேன். அவர் விடவில்லை. "புக்ல அப்படித்தான் சார் போட்டிருக்கு" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். முதல் பக்கத்தில் என் பெயர், என் கையெழுத்து, 1994 என்று வருடம்.

நான் பதவி உயர்வுத் தேர்வுக்காக வாங்கிய புத்தகம் அது. எனக்கே பதவி உயர்வு வாங்கித் தராத புத்தகம். அது ஆங்கிலப் புத்தகம். அந்தத் தம்பி அகராதியை வைத்துக்கொண்டு, பென்சிலால் ஓரத்தில் ஒவ்வொரு கடினச் சொல்லுக்கும் தமிழில் பொருள் எழுதிப் படித்திருந்தார். முதல் நாற்பது பக்கமும் அப்படியே.

காசோலை, டிராஃப்ட் இவற்றின் ஆயுளை ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாக ரிசர்வ் வங்கி குறைத்தது 2012 ஏப்ரல் 1 முதல். அந்தச் சுற்றறிக்கையைக் கிளையில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியவனே நான்தான். காலாவதியான செக்கை எத்தனை பேரிடம் திருப்பிக் கொடுத்திருப்பேன்! அப்படிப்பட்டவன் காலாவதியான ஒரு புத்தகத்தைத் தருமம் என்று சொல்லி ஒரு பிள்ளையின் கையில் கொடுத்திருக்கிறேன். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவர்தான், "ஸாரி சார், இனிமே மூணு மாசம்னு திருத்திக்கிறேன்" என்றார். தவறு செய்தவன் நான். மன்னிப்புக் கேட்டவர் அவர்.

நண்பர்களே, கவுன்டரில் நோட்டுகளைப் பிரிப்போம். மறுபடி புழக்கத்துக்கு விடக்கூடியவை ஒரு கட்டு. அழுக்கானவை, கிழிந்தவை இன்னொரு கட்டு. அவை மக்கள் கைக்குத் திரும்பப் போகாது. கிழிந்த நோட்டைக் கொடுத்தால் கூலி வேலைக்குப் போகிறவரும் வாங்க மாட்டார், "வேற குடு சார்" என்பார். ஆனால் இனாமாகக் கொடுக்கும் புத்தகத்தை யாரும் அப்படித் திருப்பிக் கொடுப்பதில்லை. வாங்குகிறவர் மறுக்க முடியாத இடத்தில் இருப்பதால், பிரித்துப் பார்க்கும் பொறுப்பு முழுவதும் கொடுக்கிற நம்முடையது.

எது புழக்கத்துக்கு ஆகாது? சில உதாரணம் சொல்கிறேன். தமிழகத்தில் 2018-19 முதல் பள்ளிப் பாடநூல்கள் மாறின. அதற்கு முந்தைய பாடநூலும் கைடும் தேர்வுக்கு உதவாது. குரூப் 4 தேர்வுக்குக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. அதை எழுதும் லட்சக்கணக்கானவர்களுக்குப் பள்ளிப் பாடநூல்தான் அடிப்படை. அதனால் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை இப்போதைய பாடநூல் ஒரு செட் இருந்தால், அது தங்கத்துக்குச் சமம்.

என்னைப் போன்ற காமர்ஸ்காரர்கள் வீட்டில் இருப்பதைப் பார்ப்போம். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. அதற்கு முந்தைய மறைமுக வரிப் புத்தகம் சரித்திரம் ஆகிவிட்டது. 1956-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் இடத்தில் 2013-ம் ஆண்டுச் சட்டம் வந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாகவும் 2025-ல் புதிய சட்டம் நிறைவேறிவிட்டது. பொது அறிவுப் புத்தகமும் அப்படித்தான். தமிழகத்தில் 32 மாவட்டம் என்று போட்டிருந்தால் அது பழையது, இன்று 38. பொதுத்துறை வங்கிகள் 27 என்று இருந்தால் அதுவும் பழையது. இணைப்புகளுக்குப் பிறகு 12 தான். ஒரு மதிப்பெண்ணில் வேலை போகும் தேர்வில், பழைய புத்தகம் இல்லாமல் இருப்பதைவிட இருப்பதுதான் ஆபத்து.

எது கெடாது? நல்ல அகராதி கெடாது. கதை, நாவல், வாழ்க்கை வரலாறு கெடாது. கணிதத் திறன் பயிற்சி நூல் பெரும்பாலும் கெடாது. சிறுவர் நூல்கள், ஓவியம் வரையக் கற்றுக்கொடுப்பவை, இலக்கணம், பறவைகள் பற்றியவை எல்லாம் கெடாது. பைண்டு செய்த அம்புலிமாமா யார் வீட்டிலாவது இருந்தால், அதைப் பிரிய மனம் வராது என்பது எனக்குத் தெரியும். பிரிய மனம் வராத புத்தகம்தான் கொடுக்கத் தகுந்த புத்தகம் என்று இப்போது நினைக்கிறேன்.

"ஏதோ ஒன்று, ஒன்றுமில்லாததற்குத் தேவலாம் அல்லவா?" என்று சென்ற கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார். தவறான கேள்வி அல்ல. நானும் அப்படி நினைத்தவன்தான். ஆனால் அந்தப் பிள்ளைகள் பெட்டியைப் பிரிக்கும்போது புத்தகத்தை மட்டும் பார்ப்பதில்லை. நம்மைப் பற்றி நாலு தெரு தள்ளியிருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதையும் அதில் படித்துவிடுகிறார்கள்.

என் சொந்தக் கதை கொஞ்சம். நான் பி.காம். படித்தபோது கணக்குப்பதிவியல் புத்தகம் வாங்க வீட்டில் வசதி இல்லை. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஒரே ஒரு பிரதி இருந்தது. நூலகர் ஐயா அதை வேறு யாரும் எடுத்துப் போகாமல் மேசை இழுப்பறையில் வைத்திருந்து, மாலை ஐந்து மணிக்கு நான் போனதும் எடுத்துக் கொடுப்பார். என் உத்தியோகம், இந்த வீடு எல்லாம் அந்த இழுப்பறையிலிருந்து வந்தவை.

அந்த நூலகம் எங்கிருந்து வந்தது என்று பிற்காலத்தில்தான் தெரிந்துகொண்டேன். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கல்லூரியில் கணிதம் நடத்தியவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். 1931-ல் நூலகத்துக்கான ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே புத்தகம் என்பதும், படிப்பவருக்கு ஏற்ற புத்தகம் கிடைக்க வேண்டும் என்பதும், அவருடைய நேரம் வீணாகக் கூடாது என்பதும் அவற்றின் சாரம். அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் நூலகம் கிராமம் கிராமமாகப் போனது. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் நூலகச் சட்டம். நம் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். நாம் எல்லோரும் ஏற்கெனவே நூலகத்துக்குப் பணம் கொடுப்பவர்கள்தான். கொடுப்பது புதிதல்ல, கவனித்துக் கொடுப்பதுதான் புதிது.

இந்த முறை அந்தப் பெண்ணிடம் முதலில் கேட்டேன், "உங்களுக்கு என்னம்மா வேணும்?" அவர் சொன்ன பட்டியலில் புத்தகம் மூன்றாவது இடத்தில்தான் இருந்தது. முதலாவது, இரவு ஒன்பது மணி வரை திறந்து வைக்க வழி. ஐந்து பேர் இருக்கும் ஓர் அறை வீட்டில் டி.வி. ஓடும்போது படிக்க முடியாது. அந்தப் பிள்ளைகளுக்கு நூலகம் என்றால் புத்தகத்தைவிட முதலில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு விளக்கு. பெண் பிள்ளைகளுக்கு, தாழ்ப்பாள் சரியாக இருக்கும் கழிப்பறை. இரண்டாவது, நாளிதழ். மூன்றாவதாக இந்த ஆண்டுப் பதிப்பில் பன்னிரண்டு புத்தகங்கள், தலைப்பும் பதிப்பகமும் எழுதிய பட்டியலாக.

எனவே என் வேண்டுகோள் இதுதான். இந்த முறை லிஃப்ட் பக்கத்தில் பெட்டி வேண்டாம். வருகிற மாதத்திலிருந்து இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் நான் உட்கார்ந்திருப்பேன். புத்தகத்தைக் கையில் கொண்டுவாருங்கள், சேர்ந்து பிரிப்போம். கொண்டுவருமுன் உங்களையே நான்கு கேள்வி கேளுங்கள். பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா? இதில் இருப்பது இன்றும் உண்மையா? இதைப் படிக்கப் போகிறவர் யார் என்று சொல்ல முடியுமா? என் பேரப்பிள்ளைக்கு இதை நான் கொடுப்பேனா? நான்கிலும் தேறாதது பழைய பேப்பர்காரருக்குப் போகட்டும். அந்தப் பணத்தை உண்டியலில் போட்டுப் பட்டியலில் உள்ள புதுப் புத்தகம் வாங்குவோம்.

வீட்டில் வரும் நாளிதழை மறுநாள் காலை செக்யூரிட்டி அறையில் வைத்தால், கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. அரசுக் கிளை நூலகத்துக்கு உதவ நினைப்பவர்கள் 1,000 ரூபாய் செலுத்திப் புரவலராகச் சேரலாம். பணமும் புத்தகமும் இல்லாதவர்களிடம் நேரம் இருக்கும். நம்மிடையே ஆசிரியர்கள், பொறியாளர்கள், ஆடிட்டர் எல்லாரும் இருக்கிறார்கள். மாதம் ஒரு மணி நேரம் போதும்.

கடைசியாக ஒன்று. கொடுத்த புத்தகம் வேண்டாமென்றால் தூக்கிப் போடும் உரிமையையும் சேர்த்தே கொடுப்போம். "உங்களுக்குப் பயன்படாததை எடைக்குப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதைப் படித்த அந்தப் பெண்ணின் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்தத் தம்பிக்கு இந்த ஆண்டுப் பதிப்பு வாங்கிக் கொடுத்தேன். பழைய புத்தகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். என் அலமாரியில் இருக்கிறது. அவர் பென்சிலால் எழுதிய நாற்பது பக்கத்தை அவ்வப்போது புரட்டிப் பார்க்கிறேன். அவர் இந்த ஆண்டு தேர்வு எழுதுகிறார். முடிவு என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இனி அவர் தவறாக எழுதினால், அது என் புத்தகத்தால் இருக்காது.

பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன். பொறுத்தருளவும். இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணி. காத்திருப்பேன்.